கோப்பி வகுத்த பாதை: மலைநாட்டுப் புகையிரத வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

சென்ற தவணையில் ஒருநாள், எமது பாடசாலையின் வரலாற்றாசிரியர் விடுமுறையிற் சென்றிருந்தமையால், தமிழ் கற்பிக்கும் நான் பத்தாம் வகுப்பு மாணவருக்கு வரலாற்றுப் பாடமும் நடத்த நேர்ந்தது. பாடம் இலங்கைப் புகையிரதப் பாதையின் தோற்றம். நான் கரும்பலகையில் ஆண்டுகளை வரிசையாக எழுதினேன்: 1865 அம்பேபுசை, 1867 கண்டி, 1874 நாவலப்பிட்டி, 1885 நானுஓயா, 1905 யாழ்ப்பாணம், 1928 மட்டக்களப்பு. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். தோட்டமொன்றின் லயத்திலிருந்து நாள்தோறும் நான்கு மைல் நடந்து வருபவன். "சேர், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு எல்லாம் பழைய பட்டினங்கள் அல்லவா? அங்கெல்லாம் போகாமல், எங்கள் காட்டு மலைக்கு மட்டும் இருபது வருசம் முந்திக் கோச்சி வந்திருக்கிறதே. எங்கள் மேல் அப்படி என்ன அன்பு?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயினும் அக்கேள்வி சிரித்து ஒதுக்கத்தக்க கேள்வியன்று. அன்று நான் கூறிய விடை அரைகுறையானது. முழு விடையை இங்கு எழுத முற்படுகிறேன்.

புகையிரதம் எங்கே சென்றது என்பதை அறிய வேண்டுமாயின், அதற்கு முன் அவ்வழியே எது சென்றது என்பதை நோக்குதல் வேண்டும். 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியரின் கைக்கு வந்தது. கைக்கு வந்ததேயன்றி அடங்கிவிடவில்லை. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவாவிலும் பிற பகுதிகளிலும் மூண்ட கிளர்ச்சியை அடக்கப் படை நடத்தியபோது, பாதையின்மையே தமது முதற் பகை என்பதை அந்நியர் உணர்ந்தனர். மலையைத் துளைத்து ஒரு வழி வரும்வரை கண்டி எவர்க்கும் பணியாது என்றொரு வாய்மொழியும் மக்களிடையே வழங்கியதாகச் சொல்வர். கடுகண்ணாவைக் கணவாயிற் பாறையைக் குடைந்து அந்த வழியை உண்டாக்கியவர் தேசாதிபதி எட்வேர்ட் பாண்ஸ். பாதையை நெறிப்படுத்திய பொறியியலாளர் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. ஆயின் அப்பாதையை வெட்டியோர் கூலி பெற்ற தொழிலாளர் அல்லர். நிலத்தை அனுபவிப்பதற்கு ஈடாக மன்னனுக்குச் செய்யவேண்டிய ஊழியமாகிய இராசகாரியத்தின் பேரால் அழைத்துவரப்பட்ட குடியானவர் அவர். பழைய நிலப்பிரபுத்துவ முறையின் ஊழியத்தைக் கொண்டே புதிய முதலாளித்துவத்தின் வழி திறக்கப்பட்டது. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டில் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது.

இராணுவத்துக்கென வெட்டிய பாதையின்மீது வணிகம் ஏறியது. 1820களிற் கம்பளைக்கு அண்மையில் ஜோர்ஜ் பேர்ட் தொடங்கிய கோப்பிச் செய்கை முதலில் ஒரு பரீட்சையாகவே இருந்தது. 1830களில் நிலைமை மாறியது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்ததும் அங்கே கோப்பி உற்பத்தி தளர்ந்தது. 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் இங்கிலாந்தில் ஒரே வகையான இறக்குமதித் தீர்வை விதிக்கப்பட்டது. அதன் பின்னர் மலைநாட்டுக் காடுகளுக்கு விலை வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியன என்று கொள்ள வழிசெய்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டியும் மாடு மேய்த்தும் வந்த கிராமத்தானிடம் பத்திரம் ஏது? காடு முடியின் சொத்தாயிற்று. முடி அதனைச் சொற்ப விலைக்கு விற்றது. வாங்கியோருள் அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தனர். காணியை விற்கும் கையும் வாங்கும் கையும் ஓருடலின் இரு கைகளாக விளங்கிய காலம் அது.

காடு தோட்டமாயிற்று; கோப்பி காய்த்தது. அதனைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வது எவ்வாறு? கண்டியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 75 மைல். கடுகண்ணாவையின் செங்குத்தான இறக்கத்தில் மாட்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. மழைக்காலத்திற் சேற்றிற் சில்லுகள் புதைந்தன. மாட்டு நோய் பரவிய காலங்களில் வண்டிகள் வெறுமனே நின்றன. அறுவடைக் காலத்தில் வண்டிக் கூலி ஏறியது. மலையிலே மூடைகள் ஈரத்திற் கிடக்க, இலண்டன் சந்தையில் விலை ஏறி இறங்கிக் கொண்டிருந்தது. தோட்டத் துரைமாரின் கடிதங்களும் விண்ணப்பங்களும் இம்முறைப்பாட்டையே ஓயாது கூறின. அவர்களுடைய கணக்கில் வண்டிக்காரன் ஒரு தடை. மாடு ஒரு தடை. மழை ஒரு தடை. தடையற்ற வழி இருப்புப் பாதை ஒன்றே.

1845இல் இலண்டனில் இலங்கைப் புகையிரதக் கம்பனி தோன்றியது. அதன் தலைவர் பிலிப் அன்ஸ்ட்ரதர். அதற்குச் சற்று முன்வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். தாமும் மலைநாட்டிற் கோப்பிக் காணி வாங்கியவர். நேற்று அரசாங்கத்தின் மேசையிலிருந்து காணியை அளந்தவர், இன்று கம்பனியின் மேசையிலிருந்து அக்காணிக்குப் பாதை கேட்கிறார். இதனை ஒரு தனிமனிதரின் பேராசையாக மாத்திரம் காண்பது போதாது. ஆட்சியும் மூலதனமும் ஒரே வீட்டில் வாழ்ந்த குடியேற்ற நாட்டு அமைப்பின் இயல்பு அது. தோமஸ் டிரேன் என்னும் பொறியியலாளர் பாதையை ஆய்ந்தார். ஆனால் 1847இல் இங்கிலாந்தின் நிதி நெருக்கடியோடு கோப்பி விலையும் வீழ்ந்தது. திட்டம் ஏட்டோடு நின்றது. வருமானம் குறைந்த அரசாங்கம் நாய்க்கும் துவக்குக்கும் கடைக்கும் வரி விதித்தது. பாதை வேலைக்கு ஆண்டுதோறும் ஆறு நாள் ஊழியம் அல்லது அதற்கீடாகப் பணம் என்றொரு சட்டத்தையும் கொணர்ந்தது. ஒழித்துவிட்டோம் என்ற இராசகாரியம் வேறு வேடத்தில் திரும்பி வந்துவிட்டது என்று குடியானவர் கருதியதில் வியப்பில்லை. 1848இல் மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பாதைக்கும் வரிக்கும் எழுச்சிக்கும் இடையேயுள்ள உறவை எம் மாணவர் மூன்று தனித்தனிப் பாடங்களாகக் கற்கின்றனர். அவை ஒரே பாடம்.

கோப்பி விலை மீண்டும் எழுந்ததும் திட்டமும் எழுந்தது. 1854இல் தோட்டக்காரர் சங்கம் கண்டியில் அமைந்தது. புகையிரதமே அதன் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. 1855இல் தேசாதிபதியாக வந்த சேர் ஹென்றி வார்ட் அக்கோரிக்கைக்குச் செவிசாய்த்தார். 1857இல் மூர்சம் என்னும் பொறியியலாளர் ஆறு வழிகளை ஒப்புநோக்கி ஒன்றைத் தெரிந்து 8,56,557 பவுண் செலவாகும் என்று மதிப்பிட்டார். 1858 ஆகத்து 3ஆம் நாள் தேசாதிபதி முதல் மண்ணை வெட்டினார். அவர் வெட்டியது ஒரு வெட்டு. ஆயினும் எமது பாடநூல்களில் நிலைத்திருப்பது அந்த ஒரு வெட்டே. வேலையைப் பொறுப்பேற்ற பொறியியலாளர் டொயின் நிலத்தை நேரிற் கண்டதும், முந்திய மதிப்பீடு பாதிக்கும் போதாது என்பது வெளிப்பட்டது. 1861இற் கம்பனியுடன் செய்த ஒப்பந்தம் முறிந்தது; பங்குதாரரின் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது; வேலையை அரசாங்கமே ஏற்றது. அரசாங்கப் புகையிரதம் என்ற பெயர் அப்போதுதான் பிறந்தது.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. 'அரசாங்கம் ஏற்றது' என்றால் யார் ஏற்றார்கள்? கோப்பி ஏற்றுமதியின்மீது புகையிரதத்துக்கென ஒரு தீர்வை விதிக்கப்பட்டமையால், தாமே செலவைச் சுமப்பதாகத் துரைமார் பெருமை கூறினர். ஆயின் அத்தீர்வை செலவின் ஒரு பகுதியையே ஈடுசெய்யும். எஞ்சிய கடனுக்கு ஈடாக நின்றது நாட்டின் பொது வருமானம். அப்பொது வருமானத்தில் நெல் விளைவித்தவனின் தானிய வரியும் உண்டு. உப்பு வாங்கியவளின் காசும் உண்டு. அரிசி இறக்குமதித் தீர்வையின் வழியாகத் தோட்டத் தொழிலாளி உண்ட ஒவ்வொரு பிடி சோற்றின் பங்கும் உண்டு. இலாபம் வந்தால் கம்பனிக்கு, நட்டம் வந்தால் நாட்டுக்கு என்ற நியாயம் பிற்காலத்திற் கண்டுபிடிக்கப்பட்டதன்று.

1862இன் இறுதியில் பேவியல் என்னும் ஒப்பந்தகாரரின் விலை ஏற்கப்பட்டது. 1853இல் இந்தியாவின் முதற் பயணிகள் புகையிரதம் ஓடிய பம்பாய், தானா பாதையை அமைத்தவர் அவர். அரசாங்கத்தின் சார்பில் தலைமைப் பொறியியலாளராக நின்றவர் மோல்ஸ்வேர்த். தண்டவாளங்களின் இடைவெளி இந்தியாவிற்போலவே 5 அடி 6 அங்குலம் என வகுக்கப்பட்டது. கொழும்பிலிருந்து பொல்காவலை வரையிலான நிலம் பெரிதும் சமதரை. வயலும் சதுப்பும் கடந்து பாதை எளிதாகச் சென்றது. சோதனை றம்புக்கணைக்கு அப்பால் தொடங்கியது. அங்கிருந்து கடுகண்ணாவைக்கு ஏறத்தாழ 12 மைல். அத்தூரத்துள் ஏறவேண்டிய உயரமோ ஏறத்தாழ 1,400 அடி. 45 அடி செல்ல ஓரடி உயரும் ஏற்றம் அது. வழுக்கும் தண்டவாளத்தில் இரும்புச் சில்லு பிடித்தேறுவதற்கு இது மிகக் கடுமையான சாய்வு. அலகல்ல மலையின் பக்கத்தைச் செதுக்கி, பாறைகளைக் குடைந்து, பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு கோடு கிழித்தாற்போற் பாதை சென்றது. இன்று அவ்விடத்தைக் கடப்போர் சன்னலாற் கீழே நோக்கி வியக்கின்றனர். வியக்கத்தக்க வேலை என்பதில் ஐயமில்லை. ஆயின் அந்த விளிம்பில் முதன்முதல் நின்றவனுக்குப் பிடித்துக்கொள்ளச் சன்னலும் இல்லை. அவனுக்குக் கீழே நிலமும் இல்லை.

அவன் யார்? தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் இவ்வேலையிற் பெருந்தொகையாக ஈடுபட்டனர். உள்ளூர்ச் சிங்கள மக்களும் தச்சராகவும் வண்டிக்காரராகவும் மண்வெட்டுவோராகவும் உழைத்தனர். பாறையில் உளியடித்துத் துளையிட்டு, வெடிமருந்து திணித்து, திரியைக் கொளுத்திவிட்டு ஓடவேண்டும். ஓடுவதற்கு இடம் குறுகியது. மழை பெய்தால் வெட்டிய சரிவு மீண்டும் சரிந்து வீழ்ந்தது. காட்டுக் காய்ச்சலும் வாந்திபேதியும் கூலிக் குடிசைகளை விட்டு நீங்காத விருந்தினராயின. பொறியியலாளரின் பெயர்கள் நமக்குத் தெரியும். அவர்கள் வரைந்த படங்களும் எழுதிய அறிக்கைகளும் உள்ளன. உளிபிடித்தவர்களின் பெயர்கள் பேரேட்டிலே தொகையாகவே வாழ்ந்தன, தொகையாகவே முடிந்தன.

1864 திசம்பர் 27ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதற் புகையிரதம் ஓடியபோது அதில் ஏறிச் சென்ற சிறப்பு விருந்தினர் பெல்சியத்தின் பிரபாந்துக் கோமகன். மறு ஆண்டு அவரே இரண்டாம் லியோபோல்ட் மன்னரானார். பின்னாளிற் கொங்கோ நாட்டைத் தம் தனிச் சொத்தாக்கி, இரப்பருக்காகவும் யானைத் தந்தத்துக்காகவும் அந்நாட்டு மக்களை வதைத்த அதே லியோபோல்ட். 1890க்கும் 1898க்குமிடையே கொங்கோவில் அவர் ஆட்சி அமைத்த இருப்புப் பாதை எண்ணற்ற தொழிலாளரைப் பலிகொண்டது. அம்பேபுசைப் பயணத்தில் அவர் என்ன எண்ணினார் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. குடியேற்ற நாடொன்றில் இருப்புப் பாதை யாருக்காக ஓடும் என்பதை அறிந்தோர் ஒரே வண்டியிற் பயணஞ் செய்தனர் என்று குறித்தாற் போதும்.

1865 ஒக்டோபரில் அம்பேபுசை வரையும், 1867இல் கண்டி வரையும் பாதை பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. வண்டியிற் பல நாள் கிடந்து வந்த கோப்பி இப்போது ஒரு பகலுக்குள் துறைமுகத்தை அடைந்தது. கீழிறங்கிய வண்டிகளிற் கோப்பி மூடைகள். மேலேறிய வண்டிகளில் அரிசி மூடைகளும் உரமும் இயந்திரங்களும். ஏற்றுமதிக்கு ஒரு பயிர், உணவுக்கு இறக்குமதி என்ற இலங்கைப் பொருளாதாரத்தின் முழு வடிவத்தையும் அந்தப் பொருள் வண்டிகளின் ஏற்ற இறக்கத்திற் காணலாம். பாதை நல்ல இலாபம் ஈட்டியது. உடனே அடுத்த மலைக்கும் பாதை வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தது. 1874இல் நாவலப்பிட்டி, 1880இல் மாத்தளை. கோப்பி எங்கே அடர்ந்ததோ அங்கே தண்டவாளம் முளைத்தது. யாழ்ப்பாணத்திற் புகையிலை விளைந்தது, மட்டக்களப்பில் நெல் விளைந்தது. ஆனால் அவை இலண்டனுக்குச் செல்லும் பொருள்கள் அல்ல. எனது மாணவனின் கேள்விக்கு முதல் விடை இதுவே. பாதை பட்டினங்களை நாடிச் செல்லவில்லை. மக்களை நாடியும் செல்லவில்லை. கோப்பி மூடையை நாடிச் சென்றது.

இதற்குச் சான்று வேறெங்கும் தேடவேண்டியதில்லை. கோப்பிக் கொட்டை புகையிரதத்திற் பயணஞ் செய்த அதே ஆண்டுகளில், அதனைப் பறித்த மனிதன் எவ்வாறு பயணஞ் செய்தான்? திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணியின் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுப் புறப்பட்டவன், தோணியிற் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினான். அங்கிருந்து நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டு வழியே, நீரற்ற வன்னியையும் அனுராதபுரத்தையும் தம்புள்ளையையும் கடந்து, குழந்தையைத் தோளிலும் சட்டியைத் தலையிலும் சுமந்து மாத்தளைக்கு நடந்தான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது இவ்வழியே வந்தோர் தொகை பெருகியது. வழியில் வீழ்ந்தவர்களை நோயோடு விட்டுச் சென்ற கூட்டங்களும் உண்டு. மாத்தளையில் 1880இலேயே புகையிரத நிலையம் இருந்தது. ஆனால் அது கோப்பியை ஏற்றும் வாயில், மனிதரை வரவேற்கும் வாயிலன்று. தலைமன்னாருக்கு இருப்புப் பாதை சென்றது 1914இலேதான். கொட்டைக்கு 1867, அதனைப் பறித்த கைக்கு 1914. இடையே 47 ஆண்டுகள்.

தமிழிலக்கியம் பயின்றவன் என்ற முறையில் ஒரு செய்தியை இங்கு சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளிவந்தது. மலைநாட்டுத் தோட்ட வாழ்வைப் பொருளாகக் கொண்ட மிகப் பழைய தமிழ் நூல்களுள் ஒன்று அது. ஆயினும் தோட்டத்தைத் தொழிலாளியின் கண்ணாற் காணாது முதலாளியின் கண்ணாற் கண்ட நூல். கோப்பியின் செழிப்பைக் கும்மிகொட்டிப் போற்றிய அதே 1869இலேதான் கோப்பி இலையின் அடிப்புறத்தில் மஞ்சட்பொடி படர்ந்ததை முதன்முதலிற் கண்டனர். துருநோய் என்னும் அந்தப் பூஞ்சணம் பத்துப் பதினைந்து ஆண்டுகளுள் தோட்டந்தோட்டமாக அழித்தது. 1870களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் அந்தர் ஏற்றுமதி செய்த நாட்டிற் கோப்பி பெயரளவுக்கே எஞ்சியது. கையால் உழைத்தவரோ தம் பாடல்களை ஏட்டில் எழுதவில்லை. கங்காணியையும் துரையையும் கண்டிச் சீமையையும் பற்றி அவர்கள் பாடியவை வாய்மொழியாகவே நின்று, நெடுங்காலத்தின் பின்னரே ஏடேறின. அச்சேறிய கும்மியும் வாய்மொழிப் பாடலும் ஒரே மலையைப் பற்றியவை. ஆயினும் இரண்டு மலைகளைக் காட்டுவன.

பாதையின் வரலாற்றில் வியப்பான கட்டம் இதன் பின்னர் வருகிறது. 1884 மே மாதத்தில், கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியன்டல் வங்கி முறிந்தது. அதற்கடுத்த மாதமே புகையிரதம் ஹற்றனை அடைந்தது. 1885இல் தலவாக்கொல்லையைக் கடந்து நானுஓயாவுக்கு ஏறியது. கோப்பிக்கெனக் கோரிய பாதை கோப்பியின் பிணத்தைக் கடந்து மலையேறியது. அப்பாதையைக் காப்பாற்றியது தேயிலை. கண்டிக்குப் புகையிரதம் வந்த 1867இலேதான் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துறைத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் தேயிலை நட்டிருந்தார். 1873இல் இலண்டனுக்குச் சென்ற இலங்கைத் தேயிலை 23 இறாத்தல். நூற்றாண்டு முடியுமுன் அது 10 கோடி இறாத்தலைத் தாண்டியது. இவ்வளர்ச்சி தண்டவாளமின்றி நிகழ்ந்திருக்காது. தேயிலையைப் பறித்த அன்றே பதப்படுத்தவேண்டும். அதற்குத் தோட்டந்தோறும் தொழிற்சாலை வேண்டும். கனத்த உருளைகளையும் உலர்த்தும் பொறிகளையும் மாட்டு வண்டியில் அவ்வுயரத்துக்கு ஏற்றுவது இயலாத காரியம். மேலும், கோப்பி பருவப் பயிர்; தொழிலாளி வந்தான், பறித்தான், மீண்டான். தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்துவிடும். ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும். அதிலும் பெண்களின் கைகள் வேண்டும். ஆதலால் குடும்பங்கள் மலையில் நிலைத்தன. வந்துபோகும் கூலி என்ற நிலை மாறி, இந்நாட்டு மண்ணிற் பிறந்து இந்நாட்டு மண்ணிற் புதையும் ஒரு மக்கட் கூட்டம் உருவாயிற்று. பாதை 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. இடையே பட்டிப்பொலவில் 6,200 அடிக்கும் மேற்பட்ட உச்சியைத் தொட்டது. பதுளையை அடைந்தது 1924இல்.

தண்டவாளம் நானுஓயாவை அடைந்த காலத்திலேயே, அதற்கு அயலிலுள்ள வலப்பனைப் பகுதியில் தானிய வரியைக் கட்ட இயலாத சிங்களக் குடியானவரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. நிலமிழந்தோர் பட்டினியால் மடிந்தனர். பெருத்த விவாதத்தின் பின் 1892இலேதான் அவ்வரி நீக்கப்பட்டது. மேலே லயத்திலே தமிழ்த் தொழிலாளி. கீழே பள்ளத்தாக்கிலே நிலமிழந்த சிங்கள விவசாயி. இருவருக்குமிடையே புகைகக்கிச் செல்லும் வண்டியில் அவ்விருவரின் உழைப்பும் துறைமுகத்துக்குச் சென்றது. இருவரும் ஒருவரையொருவர் அந்நியராகக் கண்டனர். தம் காட்டை விழுங்கியவன் கூலிக்கு வந்தவனே என்று ஒருவன் கருதுமாறும், தம்மை வெறுப்பவன் ஊரானே என்று மற்றவன் கருதுமாறும் வைத்திருந்தது எவருக்கு நன்மை பயத்தது என்பதைக் கூறவேண்டியதில்லை. அந்தக் கருத்து மயக்கத்தின் விலையை இந்நாடு பிற்காலத்திற் பன்மடங்காகச் செலுத்தியது.

எனினும் வரலாறு ஒருதலையாகச் செல்வதில்லை. இந்தியாவின் இருப்புப் பாதைகளைப் பற்றி 1853இல் எழுதிய கார்ல் மார்க்ஸ், ஆலை முதலாளிகள் தம் நலத்துக்காக இப்பாதைகளை இடினும், அவை அந்நாட்டில் நவீன கைத்தொழிலுக்கு முன்னோடியாகும் என்று கருதினார். இலங்கையில் அது எவ்வளவு பலித்தது? தண்டவாளமும் எஞ்சினும் இங்கிலாந்திலிருந்தே வந்தன. இங்கே வளர்ந்தவை பழுதுபார்க்கும் பட்டறைகளே. கைத்தொழில் வளரவில்லை என்பது உண்மை. ஆனால் கைத்தொழிலாளி வளர்ந்தான். கொழும்பிலே புகையிரதப் பட்டறையில் ஒன்றுகூடிய சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் 1912இல் வேலைநிறுத்தம் செய்தனர். 1923இன் பொது வேலைநிறுத்தத்திலும் அவர்கள் பங்குகொண்டனர். மலையிலும், துரைமாருக்கென அமைந்த புகையிரத நிலையங்களைச் சுற்றிக் கடைவீதிகளும் பாடசாலைகளும் தோன்றின. 1931இல் கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியது ஹற்றனில். தேயிலைப் பெட்டியை ஏற்றவந்த வண்டி பத்திரிகையையும் துண்டுப் பிரசுரத்தையும் இறக்கிச் சென்றது. பாதையை இட்டோர் இதனை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

இவ்விடத்தில் நான் பிறந்த யாழ்ப்பாணத்தைப் பற்றியும் ஒருவார்த்தை கூறாதிருப்பது நேர்மையன்று. ஆங்கிலங் கற்ற எம்மூர் இளைஞர் பலர் இப்புகையிரதத்தில் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் உத்தியோகம் பெற்றனர். அவர்கள் அனுப்பிய காசோலையில் எமது கல்வீடுகள் எழுந்தன. சீட்டுக் கொடுக்கும் சன்னலின் உட்புறத்தில் அவர்கள் இருந்தார்கள். வெளிப்புறத்தில் மூன்றாம் வகுப்புச் சீட்டுக்காகத் தோட்டத் தொழிலாளி நின்றான். இருவரும் பேசியது தமிழே. ஆயினும் அந்தச் சிறு சன்னல் ஒரு கடலளவு அகன்றதாக இருந்தது. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கியபோது, அச்சன்னலின் உட்புறத்திலிருந்த எம்மவர் எத்தனை பேர் அதனைத் தம் இழப்பாக உணர்ந்தனர் என்ற கேள்வி இன்றும் எம்மை உறுத்தவேண்டும்.

அச்சட்டத்தின் தொடர்விளைவை ஏந்திச் சென்றதும் இதே பாதைதான். 1964ஆம் ஆண்டின் சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களை எண்ணிப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பேசித் தீர்க்கப்படும். 1974இல் அவர்களையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. மக்களைக் கேட்டு எவரும் பங்கிடவில்லை. ஹற்றனிலும் நாவலப்பிட்டியிலும் பதுளையிலும் புகையிரத மேடைகளில், கடவுச்சீட்டுக் கிடைத்த தமக்கை ஏறினாள். பிரசாவுரிமை கிடைத்த தம்பி கீழே நின்றான். வண்டி நகர்ந்ததும் மேடையும் வண்டியும் ஒருசேர அழுதன. மலையக மக்கள் அதற்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். தலைமன்னார்த் துறையில் அவ்வண்டி நின்றது. அங்கிருந்து கப்பல் இராமேசுவரத்துக்கு. பாட்டன் நடந்து வந்த அதே கரையை நோக்கிப் பேரன் புகையிரதத்திற் சென்றான். வரும்போது கிடைக்காத வண்டி, போகும்போது கிடைத்தது. 1984இற் போரினாற் கப்பற் போக்குவரத்து நின்றபோது அப்பயணமும் நின்றது. எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது.

இனி எனது மாணவனுக்கு விடை கூறலாம். தம்பி, உன் மலைக்குப் புகையிரதம் முந்தி வந்தது உன்மேற்கொண்ட அன்பினாலன்று. கோப்பியை இறக்கவும் அரிசியை ஏற்றவும் அது வந்தது. ஆனால் அதனை உன் மலைக்குக் கொண்டுவந்தவர்கள் அதற்குக் கட்டளையிட்டவர்கள் மட்டுமல்லர். அலகல்ல விளிம்பிற் பாறை குடைந்தவர்களும், மாத்தளைக் காட்டு வழியில் நடந்தவர்களும், உழைத்து உண்ட சோற்றுக்கும் வரிகொடுத்தவர்களும் அதற்கு உரிமையாளர். ஆதலால் அந்தப் பாதை உனக்கு எவரும் இட்ட பிச்சையன்று. உன் முன்னோர் விலைகொடுத்து வாங்கியது. அவ்விலைக்குரிய பற்றுச்சீட்டு மாத்திரம் எவராலும் எழுதிக் கொடுக்கப்படவில்லை.

அந்தப் பற்றுச்சீட்டை எழுதுவது இனி எமது பணி. ஒப்பாரிக் கோச்சியின் மேடையில் நின்ற இளைஞர் இன்று முதியோர். ஆண்டுக்கு ஆண்டு அவர்கள் தொகை குறைந்து வருகிறது. அவர்கள் தம் பாட்டன்மாரிடம் கேட்ட கதைகள் அவர்களோடு மறைந்துவிடும். அன்றைய பாடம் முடியுமுன் நான் ஒரு வேலை கொடுத்தேன்: ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள மிக மூத்தவரிடம் கோச்சியைப் பற்றிக் கேட்டு, அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதிவர வேண்டும். மறுவாரம் முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர் எழுதிக்கொண்டு வந்தனர். கேள்வி கேட்டவனின் தாளில் ஐந்தே வரிகள் இருந்தன. அவனுடைய அப்பாயியின் அக்காள் ஹற்றனிற் கோச்சி ஏறியதும், சன்னலால் எறிந்த ஒரு கண்ணாடி வளையல் மேடையில் உடைந்ததும், அத்துண்டை அப்பாயி இன்றும் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருப்பதும் அவற்றின் செய்தி. மலைநாட்டுப் பாடசாலைகளிற் கற்பிக்கும் நண்பர்கள் இவ்வேலையைத் தத்தம் வகுப்புகளிலும் கொடுப்பார்களாயின், எமது பாடநூலில் இல்லாத வரலாறு இரண்டொரு தவணையில் எமது மேசைமேல் வந்து குவியும். அதனைக் காத்து வைப்பதும் அச்சேற்றுவதும் எமது கடமை.